மூன்றாம் மாடியில் நின்ற காலடி

லெயோகாடியா கவ்ரோன் எதையெல்லாம் வென்றாள் என்று அவளுடைய அண்ணன் இக்னாட்ஸியைக் கேட்டால், அவன் விரல் விட்டு எண்ணிச் சொல்வான். ஒன்பது வயதில் டைபாய்டு காய்ச்சலை வென்றாள். அந்தக் குளிர்காலத்தில் அதே கட்டடத்தில் படுத்த நான்கு பிள்ளைகளில் எழுந்து நடந்தவள் அவள் ஒருத்திதான். பதினோரு வயதில் ஜெர்மன்காரன் நடத்திய நூல் ஆலையில் தினமும் பத்து மணி நேரம் பஞ்சுத் தூசி கூட்டினாள். நெஞ்சு கெடாமல் வெளியே வந்தாள். பதினெட்டு வயதில், தாயை அடக்கம் செய்த மறுவாரம், வூட்ச் நகரத்துப் படப்பிடிப்பு நிலையத்தில் பெட்டி தூக்கும் ஒரே ஒரு வேலைக்கு வந்து நின்ற இருபத்தொரு பேரில் அவளைத்தான் எடுத்தார்கள். இருபத்து நான்கு வயதில் பெயர்பெற்ற ஓர் இயக்குநரின் பிடிவாதத்தை ஒரு ஜோடி பழைய பூட்ஸால் வென்றாள். கடைசியாக ஒரு பென்சிலை வென்றாள்.

"அந்தக் கடைசிதான் பெருசு," என்பான் இக்னாட்ஸி. "மத்ததெல்லாம் அவளுக்குச் சும்மா."

இக்னாட்ஸி துணி ஆலையில் தறி பழுதுபார்ப்பவன். தங்கையைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவன். ஐந்து வகுப்புதான் படிப்பு. ஆனால் எதையும் அளக்காமல் விடமாட்டான். அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் மாடிக்கு இருபத்திரண்டு படிகள் என்பதும், நான்காம் மாடியிலுள்ள தங்கள் வீட்டுக்கு எண்பத்தெட்டுப் படிகள் என்பதும், அவற்றில் முனை உடைந்தவை ஏழு என்பதும் அவனுக்குத் தெரியும். ஊரில் மற்ற யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை.

அப்படிப்பட்டவன் தங்கையின் விஷயத்தில் ஒரு பெரிய தப்புச் செய்திருந்தான். லெயோகாடியாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 1939 செப்டம்பரில் அவள் பள்ளிக்கூடம் போக வேண்டியது. அம்மா பை தைத்து ஆணியில் மாட்டி வைத்திருந்தாள். பள்ளிக்கூடம் திறக்குமுன் போர் வந்துவிட்டது. வந்த ஜெர்மானியர்கள் போலந்துப் பிள்ளைகளுக்குப் பள்ளியே இல்லை என்று மூடிவிட்டார்கள். மறு வசந்தத்தில் இக்னாட்ஸியைக் கட்டாய வேலைக்கு ஜெர்மனிக்குக் கொண்டுபோனார்கள். ஐந்து வருடம் கழித்து அவன் திரும்பி வந்தபோது தங்கைக்குப் பன்னிரண்டு வயது. பென்சிலைக் கொடுத்தால் அவள் கை தானாக முதுகுக்குப் பின்னால் போய்விடும். சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கப்படுகிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

1951-இல், நாட்டில் எழுத்தறியாதவர் ஒருவரும் இருக்கக்கூடாது என்று அரசு தெருத் தெருவாக வகுப்பு நடத்தியது. லெயோகாடியா இரண்டு நாள் போனாள். மூன்றாம் நாள் காய்ச்சலோடு வந்து படுத்தாள். தேர்வு நோட்டைக் கொடுக்காவிட்டால் பெயரை எழுதிச் சுவரில் ஒட்டுவார்கள். இக்னாட்ஸி அந்த நோட்டை இடது கையால் தானே எழுதினான். புதிதாகக் கற்றவள் எழுதியது போலிருக்க ஆங்காங்கே பிழை விட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தான். பிழை விட அவனுக்கு மனம் வரவில்லை. இருபத்து நான்கு பக்கத்தில் ஓர் அடித்தல் இல்லை. தெருவிலேயே சிறந்த மாணவி என்று லெயோகாடியாவை மேடைக்கு அழைத்து, 'கையெழுத்து மிக நேர்த்தி, ஒரு பிழை இல்லை' என்று சான்றிதழும் கெட்டி அட்டை போட்ட ஒரு புத்தகமும் கொடுத்தார்கள். அந்தப் புத்தகம் அலமாரியில் ஆறு வருடமாகத் திறக்கப்படாமல் நின்றது.

அதன் பிறகு அவள் மூன்று சிலுவைக் குறி போட்டுத் தப்பவும் வழியில்லை. எழுதத் தெரியாதவர்களுக்குத்தான் சிலுவைக் குறி. அவளோ காகிதப்படி தெருவின் முதல் மாணவி. படப்பிடிப்பு நிலையத்தின் மனுவை இக்னாட்ஸி வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி எழுதிக் கையெழுத்தும் போட்டான். வேலைக்கு வந்ததற்கு அடையாளமாக வாசல் பலகையில் தகர வில்லையைத் திருப்பி மாட்டினால் போதும். மூன்றாம் வரிசையில் இடமிருந்து ஐந்தாவது ஆணி அவளுடையது. ஆறு வருடம் அப்படியே ஓடிவிட்டது.

படப்பிடிப்பு நிலையத்தில் அவள் வேலை செய்தது காலடி அறையில். படம் எடுக்கும்போது காலடிச் சத்தம் சரியாகப் பதிவாகாது. அதனால் பிறகு ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு பாத்திரத்துக்காகவும் நடந்து காட்ட வேண்டும். குஸ்தாவ் என்ற பெரியவர் இருபது வருடமாக அந்த வேலையைச் செய்து வந்தார். சரளைக்கல் தட்டு, மணல் தட்டு, மரப்படி, நாற்பது ஜோடிச் செருப்பு, பூட்ஸ் எல்லாம் அங்கே உண்டு. பனியில் நடக்க உருளைக்கிழங்கு மாவை ஒரு துணிப்பையில் கட்டி வைத்திருப்பார்கள். அதைக் கையால் பிசைந்தால் பனி மிதிபடும் சத்தம் வரும். பெட்டிகளின் மேல் எழுதி ஒட்டியிருந்த சீட்டுகளை லெயோகாடியா பார்த்ததே இல்லை. பூட்ஸை எடுத்து மேசையில் ஒரு தட்டுத் தட்டுவாள். இது குதிரைக்காரன், இது பாதிரியார், இது கடனுக்குப் பயந்தவன் என்று சொல்லிவிடுவாள். குஸ்தாவ் அவளை 'காது' என்றுதான் கூப்பிடுவார்.

1957 பிப்ரவரியில் குஸ்தாவின் முழங்கால் அவரைக் கைவிட்டது. ஒரு மாலை லெயோகாடியா ஓடிவந்து சமையலறையில் நின்றாள்.

"அண்ணா, குஸ்தாவ் சார் ஏப்ரல்ல வேலைய விடறார். என் இடம் காதுக்குத்தான், இல்லன்னா யாருக்கும் கிடையாதுன்னு ஆபீஸ்ல சொல்லிட்டார். படத்துல பேரு போடுவாங்களாம்!"

இக்னாட்ஸி கரண்டியைக் கீழே வைத்தான். "நெசமாவா?"

"ரெண்டே கண்டிஷன். இயக்குநர் யாகிமோவிச் சார் சிபாரிசு பண்ணணும். அப்புறம்..." அவள் குரல் இறங்கியது. "ஆபீஸ்ல ஆளெடுக்கற ஸ்கிபா அம்மா முன்னாடி உட்காந்து என் கையால கையெழுத்துப் போடணும். காகிதத்த வீட்டுக்குக் குடுக்க மாட்டாங்களாம்."

புளித்த மாவுச் சூப் ஆறிக்கொண்டிருந்தது. சிறந்த மாணவியின் சான்றிதழ் அவனுக்கு நினைவு வந்தது. அதை வாங்கித் தந்த இடது கை மேசைமேல் கிடந்தது.

"மொதல்ல சிபாரிசு கெடைக்கட்டும்," என்றான்.

யாகிமோவிச் எடுத்துக்கொண்டிருந்த படம் ஒரு கணவன் மனைவியின் கதை. கல்யாணமாகி மூன்று வாரத்தில் போர் அவர்களைப் பிரிக்கிறது. ஐந்து வருடம் கழித்துக் கணவன் திரும்புகிறான். கடைசிக் காட்சியில் அவனைக் காட்டவே மாட்டார்கள். மனைவி சமையலறையில் பீட்ரூட் தோல் சீவிக்கொண்டிருப்பாள். மாடிப்படியில் காலடி கேட்கும். கத்தி நிற்கும். பிறகு அவள் முகம் மட்டும். காலடிதான் அந்தக் காட்சியின் கதாநாயகன்.

அந்தக் காட்சிக்குக் குஸ்தாவ் வலிக்கிற முழங்காலோடு முப்பத்தொரு தடவை நடந்தார். நடந்தது லெயோகாடியா சொல்லி இக்னாட்ஸிக்குத் தெரியும்.

"பறந்து வரணும் குஸ்தாவ்!" என்று கத்தினாராம் யாகிமோவிச். "அஞ்சு வருஷம் கழிச்சு பொண்டாட்டிய பாக்க வர்றான். ரெண்டு ரெண்டு படியா தாவணும்!"

"தாவிட்டேன் சார். இன்னொரு தடவ தாவுனா நேரா ஆஸ்பத்திரிதான்."

எப்படித் தாவினாலும் காட்சி ஒட்டவில்லை. காலடி ஓடி வந்து முடிந்துவிடுகிறது. அதன் பிறகும் அந்த நடிகையின் முகம் பதினேழு விநாடி அசையாமல் நிற்கிறது. கடைசியில் யாகிமோவிச், "அந்தப் பதினேழு விநாடிய வெட்டிடலாம்" என்றார்.

மணல் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்த லெயோகாடியா நிமிர்ந்தாள். "வெட்டாதீங்க சார்."

அறையில் எல்லோரும் திரும்பினார்கள்.

"நீ யாரும்மா?"

"பெட்டி தூக்குறவ."

"அப்ப பெட்டிய தூக்கு."

"தூக்குறேன் சார். ஆனா அந்தம்மா முகத்த பாருங்க. அவங்க காலடி கேட்டு சந்தோஷப்படல. காலடி நின்னு போச்சுன்னு பயப்படுறாங்க. அந்த ஆளு கீழ் மாடியில நின்னுட்டான். மேல வீட்டுல யாரு இருக்கா, யாரு இல்லன்னு அவனுக்குத் தெரியாது. தாவி வர்றவன் நேத்து ஊருக்குப் போய் இன்னிக்குத் திரும்புறவன். அஞ்சு வருஷம் போனவன் நிப்பான்."

யாகிமோவிச் சிகரெட்டை அணைத்துவிட்டு காட்சியை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தாராம். பிறகு, "நடந்து காட்டு" என்றாராம்.

"இன்னிக்கு முடியாது சார். பூட்ஸ் வீட்டுல இருக்கு."

இதில் கடைசி வரியை மட்டும் அவள் அண்ணனிடம் சொல்லவில்லை. எப்படி நடந்தாள் என்று அவன் கேட்டபோதும், "படத்துல பாத்துக்கோ" என்று முடித்துவிட்டாள். அலமாரிக்கு அடியில் செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்த தன்னுடைய பழைய பூட்ஸைக் காணோம் என்பதை மட்டும் இக்னாட்ஸி அந்த வாரம் கவனித்தான். 1945-இல் அதைப் போட்டுக்கொண்டுதான் அவன் ஜெர்மனியிலிருந்து நடந்து வந்தான்; அதன் பிறகு அவன் அதைப் போட்டதும் இல்லை, எறிந்ததும் இல்லை. கேட்டதற்கு, தைக்கக் கொடுத்திருக்கிறேன் என்றாள்.

யாகிமோவிச்சுக்கு இன்னும் சந்தேகம். நடந்த நடை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சந்தோஷமான முடிவு வேண்டிய இடத்தில் சனங்கள் பதினேழு விநாடி மௌனத்தைத் தாங்குவார்களா? படத்தை வெளியிடுமுன் ஒரு துணி ஆலையில் போட்டுக் காட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தார். இக்னாட்ஸி வேலை பார்த்த ஆலையின் மன்றத்திலேயே அது நடந்தது. மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. நாற்காலி முந்நூற்றறுபது, நின்றவர்கள் ஏறக்குறைய எண்பது. இக்னாட்ஸிக்குப் பக்கத்தில் பெட்ரோனெலா உட்கார்ந்திருந்தாள். அவள் நெசவுப் பிரிவின் வாய். ஆறு தறி ஓடும்போதும் அவள் குரல்தான் மேலே கேட்கும்.

"ஏன் இக்னாட்ஸி, உன் தங்கச்சி படத்துல எங்க வர்றா?"

"அவ வர மாட்டா. அவ காலடி வரும்."

"காலடி மட்டுந்தானா? அடப் பாவமே, மூஞ்சிக்கு என்ன கொறச்சல்?"

"கதாநாயகனோட காலடி அக்கா."

"ஆம்பள காலா!" பெட்ரோனெலா பின்வரிசைக்குத் திரும்பினாள். "கேட்டுக்குங்கடி, கவ்ரோன் வீட்டுப் பொண்ணுதான் கதாநாயகனாம்! இனி மாப்பிள்ளைக்கு அலைய வேணாம், பொண்ணுதான் பாக்கணும்!"

விளக்கு அணையும்வரை சிரித்தார்கள். சுவரோரமாக நின்றிருந்த லெயோகாடியாவும் சிரித்தாள். அவளுக்கு இரண்டு அடி தள்ளி யாகிமோவிச் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார்.

படம் ஓடியது. கல்யாணம், மூன்று வாரம், பிரிவு, ஐந்து வருடம். கடைசியில் சமையலறை, பீட்ரூட், கத்தி. கீழே வாசல் கதவு திறந்தது. காலடி ஏறத் தொடங்கியது.

முதல் நான்கு படிக்குள் இக்னாட்ஸியின் கைகள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துவிட்டன. இடது குதிகாலில் ஓர் ஆணி துருத்திக்கொண்டு, இரண்டடிக்கு ஒரு தரம் 'டிக்' என்றது. வலது கால் சற்று இழுத்தது. முனை உடைந்த படியில் ஒரு தடுமாற்றம். அது எந்த நடிகனின் நடையும் அல்ல. 1945 ஜூன் மாதம், வெயில் அடித்த ஒரு நண்பகலில் அவன் ஏறிய நடை. அவனை அறியாமலே உதடு எண்ணியது. அறுபத்தாறாவது படியில் காலடி நின்றுவிடும் என்று அவனுக்குத் தெரியும்.

நின்றது.

மூன்றாம் மாடியில்தான் ஃபெலிட்சியா குடியிருந்தாள். அவனுக்கு நிச்சயித்த பெண். ஜெர்மனிக்குப் போகுமுன் அந்தக் கதவருகில்தான் அவளிடம் விடைபெற்றான். திரும்பி வந்த அன்று அந்தக் கதவில் வேறு குடும்பத்தின் பெயர்ப்பலகை இருந்தது. தட்டக் கையைத் தூக்கி, தட்டாமல் நின்றான். பலகையே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. பிறகு அம்மாவின் வாயிலிருந்து கேட்டது அதன் விவரம் மட்டுந்தான். அவன் அங்கே நின்றதை எந்த உயிரும் பார்க்கவில்லை என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தான். ஃபெலிட்சியா என்ற பெயரை அவன் யாரிடமும் பிறகு சொன்னதில்லை.

திரையில் அந்தப் பெண் அசையவில்லை. மன்றத்தில் ஒரு நாற்காலி முனகவில்லை. நாற்பது வயதைக் கடந்த அத்தனை பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்க்காமல், மன்றத்தின் கதவைப் பார்த்தார்கள். பன்னிரண்டாவது விநாடியில் பெட்ரோனெலா எழுந்துவிட்டாள். ஆறு தறியை மீறும் குரல் உடைந்து வந்தது.

"ஏறி வாய்யா! அவ இருக்கா! ஏறி வா ராசா!"

காலடி ஏறியது. இருபத்திரண்டு படி. கதவு திறந்தது. முதலில் ஓர் அடி உள்ளே வந்தது. பிறகு இன்னோர் அடி. அதற்குப் பிறகுதான் துணியோடு துணி உரசும் சத்தம், கத்தி விழும் சத்தம். வாசற்படிக்கு மேலே கைகொடுப்பதும் கட்டிக்கொள்வதும் உறவை முறிக்கும் என்று அந்த ஊரில் ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும். யாகிமோவிச் அதை யோசிக்கவில்லை. லெயோகாடியா யோசித்திருந்தாள்.

விளக்கு எரிந்தபோது கைதட்டல் இல்லை, அழுகைதான். பிறகு யாரோ ஒருவர் தட்ட, மன்றமே எழுந்து தட்டியது. பெட்ரோனெலா மூக்கைச் சிந்திவிட்டு, "எங்கடி அந்தக் கால்காரி?" என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் லெயோகாடியாவை அலாக்காகத் தூக்கிவிட்டாள். யாகிமோவிச் கீழே விழுந்த தொப்பியை எடுக்க மறந்து, "சிபாரிசு நாளைக்கே வரும்மா" என்றார். "ஏப்ரல் பதினொண்ணு, ஸ்கிபா அம்மாகிட்ட போய் கையெழுத்துப் போடு."

அண்ணனும் தங்கையும் நடந்தே வீட்டுக்குத் திரும்பினார்கள். பனி உருகியிருந்தது; வழுக்காமலிருக்கப் போட்ட மணல் இன்னும் நடைபாதையில் கிடந்தது.

"அது என் பூட்ஸு," என்றான் இக்னாட்ஸி.

"ஆமா."

"தைக்கக் குடுத்தேன்னு சொன்ன."

"பொய் சொன்னேன். குஸ்தாவ் சாரோட நாப்பது ஜோடியில அந்த ஆணிச் சத்தம் ஒண்ணுல கூட இல்லண்ணா."

இரண்டு தெரு தாண்டியதும் அவன் கேட்டான்: "அன்னிக்கு நான் நம்ம வீட்டுக் கதவத் தட்டுன பிறகுதானே நீ வந்த? அவசரப்பட்டு வாசப்படி மேலயே கைய நீட்டுன. உள்ள வந்துட்டு குடுக்கறேன்னு சொன்னேன்."

"அஞ்சு வருஷம் கழிச்சு நீ பேசுன மொதப் பேச்சே திட்டுதான்." அவள் லேசாகச் சிரித்தாள். "நீ தட்டுறதுக்கு முன்னாடியே நான் கதவுக்குப் பின்னாடி நின்னேன். கீழ வாசல்ல கால் வச்சதுமே நீதான்னு தெரிஞ்சிடுச்சு. மூணாம் மாடியில நின்ன. நான் நானூத்திப் பத்து வரைக்கும் எண்ணுனேன்."

"ஏன் ஓடி வரல?"

அவள் நின்றுவிட்டாள். "வந்தா நீ ஃபெலிட்சியாக்கா எங்கன்னு கேப்ப. நான் சொல்லணும்."

பன்னிரண்டு வருடத்தில் அந்தப் பெயர் அவர்களுக்கிடையில் வந்தது அப்போதுதான்.

"என்னத்த சொல்லணும்?"

"அக்கா எனக்குத் திருட்டுத்தனமா எழுத்து சொல்லிக் குடுத்தா. அவ வீட்டுல வச்சுத்தான். ஒரு நாள் நோட்ட அவ மேசையில மறந்து வச்சிட்டு மேல வந்துட்டேன். அன்னிக்குத்தான் ஜெர்மன்காரனுங்க வந்தாங்க. பூட்ஸு ஆறு ஜோடி ஏறுச்சு. எறங்கும்போது நடுவுல அக்காவோட வீட்டுச் செருப்பு. வெளிச்செருப்பு மாத்தக்கூட விடல. என் நோட்டாலதான் அண்ணா. பென்சில தொட்டா அந்தச் செருப்புச் சத்தம் கேக்குது."

இக்னாட்ஸிக்கு ஆறுதல் வார்த்தை சொல்லத் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது எண்ணிக்கை. பைக்குள்ளிருந்து மடித்து மடித்துத் தேய்ந்த ஒரு காகிதத்தை எடுத்தான். அதை அவன் எப்போதும் வைத்திருந்ததே அவளுக்கு அன்றுதான் தெரியும்.

"அம்மா சொல்லச் சொல்ல எழுதினது. 1943 பிப்ரவரி, அந்த ஒரே வாரத்துல நம்ம தெருவுல இருந்து ஒம்பது பேர கொண்டு போனாங்க, ஒருத்தரும் திரும்பல. ரொட்டிக்காரர் வீட்டுல நோட்டு இருந்துச்சா? வண்டிக்காரர் வீட்டுல? சர்ச்சுல மணியடிக்கிற எழுபது வயசுப் பெரியவர் வீட்டுல? எட்டு வீட்டுல நோட்டே இல்ல லெயோகாடியா. கையில முன்னாடியே பட்டியல் வச்சுக்கிட்டுத்தான் வந்திருக்காங்க. உன் நோட்டு அங்க இல்லன்னாலும் அவள கொண்டுதான் போயிருப்பாங்க. எண்ணிப் பாரு."

அவள் எண்ணினாள். காகிதத்திலிருந்த வரிகளை விரலால் தொட்டு ஒன்பது வரை எண்ணினாள். மறுபடி ஒரு தரம் எண்ணினாள். பிறகு அந்த நடைபாதையிலேயே உட்கார்ந்து அழுதாள். இக்னாட்ஸி பக்கத்தில் நின்றான். போகிறவர்கள் பார்த்தால் பார்க்கட்டும் என்று நின்றான்.

அவள் எழுந்தபோது கேட்டான்: "எத்தனை எழுத்து சொல்லிக் குடுத்தா?"

"எட்டு."

"ஞாபகம் இருக்கா?"

அவள் கையால் எழுதவில்லை. பூட்ஸின் நுனியால் மணலில் ஒவ்வொன்றாகப் போட்டாள். எட்டும் சரி. பதினான்கு வருடத்துக்கு முன் மூன்றாம் மாடியில் கற்றது ஒன்றுகூடத் தேய்ந்திருக்கவில்லை. இக்னாட்ஸி குனிந்து, லெயோகாடியா கவ்ரோன் என்ற பெயரைத் தங்கள் மொழியில் மனத்துக்குள் எழுதிப் பார்த்துக் கணக்குப் போட்டான்.

"உன் பேருக்கு வேண்டியதுல ஆறு எழுத்து இங்கயே இருக்கு. ஃபெலிட்சியா பாதிக்கு மேல முடிச்சிட்டா. மிச்சம் அஞ்சே அஞ்சுதான். இருபத்தஞ்சு நாள் இருக்கு."

"ஒண்ணுக்கு அஞ்சு நாளா? என்னை அவ்ளோ மண்டுன்னு நெனச்சியா?"

"மிச்சமானா தேதி போடக் கத்துக்கோ."

ஐந்து எழுத்தையும் ஐந்து துண்டுக் காகிதத்தில் பெரிதாக எழுதிக் கொடுத்தான். வேலை விட்டு வந்ததும் அவள் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். உள்ளே வரக்கூடாது என்று கட்டளை. இக்னாட்ஸி வெளியே நின்று கேட்டான். பென்சில் உராயும். நிற்கும். அப்படி நிற்கும்போது உள்ளே போய்க் கையைப் பிடித்து எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அவனுடைய இடது கை துடிக்கும். அவன் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு நிற்பான். கதவுக்குப் பின்னால் நின்று நானூற்றுப் பத்து வரை எண்ணுவது எப்படியிருக்கும் என்று அவனுக்கு இப்போது தெரிந்தது. முதல் வாரம் பென்சில் முனை பதினொரு தடவை உடைந்தது. மூன்றாம் வாரம் ஒரே ஒரு தடவை.

அந்த நாள் வந்தது. இக்னாட்ஸி அரை நாள் விடுப்பு எடுத்து, ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு கூடவே போனான். ஸ்கிபா அம்மா அறை வாசலுக்கே வந்து கையை நீட்டினார்.

"வாங்க, வாங்க, வாழ்த்துகள்!"

"உள்ள வந்துடறேம்மா," என்று லெயோகாடியா வாசற்படியைத் தாண்டி வந்த பிறகே கை கொடுத்தாள். இக்னாட்ஸியைத் தாழ்வாரத்து பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். கதவு ஒரு சாண் திறந்தே இருந்தது.

உள்ளே காகிதம் புரண்டது. "உங்க சான்றிதழ பாத்தேன்," என்றார் ஸ்கிபா அம்மா. "'கையெழுத்து மிக நேர்த்தி, ஒரு பிழை இல்லை'ன்னு போட்டிருக்கு. இந்த மாதிரி யாருக்கும் எழுதி நான் பாத்ததே இல்ல."

இக்னாட்ஸி இடது கையைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"அந்தக் கையெழுத்து எங்கண்ணனோடது," என்றாள் லெயோகாடியா. "எனக்கு அப்ப எழுதத் தெரியாது. வேலைக்கு வந்தப்ப மனுவும் அவர்தான் எழுதினார். இப்பக் கத்துக்கிட்டேன். நேர்த்தியா இருக்காது. ஆனா என்னோடது."

ஒரு நாற்காலி நகர்ந்தது. கதவிடுக்கில் ஸ்கிபா அம்மாவின் முகம் தெரிந்தது. கண்ணாடிக்கு மேலாக இக்னாட்ஸியின் காலணியிலிருந்து கழுத்துவரை ஒரு தடவை பார்த்தார்.

"இவர்தானா அந்த முதல் மாணவி?"

இக்னாட்ஸி எழுந்து நின்றான். "ஆமாங்க."

"ஒரு பிழையாவது விட்டிருக்கலாமேய்யா," என்றார் அவர். "நோட்டத் திருத்தினவங்க எப்படித்தான் நம்பினாங்களோ! சரி உட்காருங்க. எனக்கு இன்னிக்கு வேண்டியது உங்க கையெழுத்து இல்ல." அவர் உள்ளே திரும்பிப் போனார். மை புட்டியின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. "எழுதும்மா. அவசரமில்ல."

பேனா காகிதத்தைத் தொட்டது. இக்னாட்ஸி கண்ணை மூடிக்கொண்டு எண்ணினான். திரும்பத் திரும்ப வருவதையும் சேர்த்து மொத்தம் பதினான்கு எழுத்து. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. அவை ஃபெலிட்சியா கற்றுக் கொடுத்தவை, தடையில்லாமல் ஏறின. ஆறாவது எழுத்தில் பேனா நின்றது. அதுதான் புதிதாகக் கற்ற ஐந்தில் முதலாவது, வயிறு எந்தப் பக்கம் என்று அவளைப் பாடாய்ப் படுத்தியது. தாழ்வாரத்தில் யாரோ தட்டச்சுப் பொறியை நிறுத்தினார்கள். இக்னாட்ஸி பெஞ்சை விட்டு எழவில்லை. பெட்ரோனெலா மன்றத்தில் கத்தியதை இப்போது அவன் உதட்டுக்குள் சொன்னான்.

ஏறி வா.

பேனா நகர்ந்தது. ஏழு, எட்டு. ஒரு சின்ன இடைவெளி. பிறகு குடும்பப் பெயர். ஒன்பதும் பத்தும். பதினொன்றில் காகிதம் கொஞ்சம் கிழிந்தது போலச் சத்தம். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. முடிந்தது என்று அவன் மூச்சை விட்டான். ஆனால் பேனா மறுபடி காகிதத்தில் இறங்கியது. ஸ்கிபா அம்மா, "தேதி நான் போட்டுக்கறேம்மா" என்று சொல்வது கேட்டது.

"வேணாம், அதுவும் தெரியும்," என்றாள் லெயோகாடியா.

அவள் நிதானமாக எழுதினாள்: 1957 ஏப்ரல் 11.